சர்க்கரை போடாத ஜாம்

மனைவி இறந்த பிறகு ஹுவான் பள்ளத்தாக்கில் தனியாக இருந்த மெர்வின், தனக்குச் சர்க்கரை வியாதி என்று போனில் சொன்ன நாளிலிருந்து மகள் கொரினுக்கு நிம்மதி போயிற்று.

அதன்பிறகு அவர் சர்க்கரை சேர்க்காமல், தோட்டத்து ராஸ்பெர்ரியோடு ஆப்பிளை வேகவைத்துத்தான் ஜாம் செய்தார். அவள் பிள்ளைகளுக்கும் அது பிடித்துப்போனது. ஒரு தடவைக்கு இரண்டே பாட்டில். தீர்ந்ததும் கொரின் தான் குடியிருக்கும் பர்னி நகரத்திலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி வருவாள். அப்பாவின் காலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பாள். அலமாரியில் பிஸ்கட் இருந்தால் பிடுங்கிக்கொள்வாள்.

இந்தத் தடவை அவரை வற்புறுத்தி கிளினிக்குக்கே அழைத்துப் போனாள்.

“அப்பாவுக்குச் சர்க்கரை இப்ப எவ்வளவு இருக்கு டாக்டர்?”

டாக்டர் மெர்வினைப் பார்த்தார். மெர்வின் தரையைப் பார்த்தபடி, “சொல்லிடுங்க” என்றார்.

“அவருக்குச் சர்க்கரையே இல்லையேம்மா. போன மாசம்கூட டெஸ்ட் எடுத்தோம்.”

காருக்குள் வந்ததும் கொரினின் குரல் உடைந்தது.

“ஆறு மாசமா எனக்குச் சரியாத் தூக்கமில்ல. ஏம்ப்பா பொய் சொன்னீங்க?”

மெர்வின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சர்க்கரை போட்ட ஜாம் ஒரு வருஷம் கெடாதும்மா. கிறிஸ்துமஸுக்கு வந்து பன்னெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போனா, அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் உன்னைப் பார்ப்பேன். சர்க்கரை போடலைன்னா ரெண்டு வாரம்தான் தாங்கும்.”