சமத்து

தறிக்குழியில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட பையன் போட்ட அலறலில் ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. அவனைத் தோளில் சுமந்திருந்த துரைக்கண்ணு, அவனைவிடச் சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

டாக்டர் சம்பூர்ணம் அவர்களைத் தாண்டிப் போனார். மூலைப் பெஞ்சில் ஒரு பெண்ணின் மடியில் கண்மூடிக் கிடந்த சிறுமியின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"சிஸ்டர், குளுக்கோஸ் பாட்டில்! சீக்கிரம்!"

துரைக்கண்ணுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா டாக்டரம்மா, இது நாயமா? இங்க ரத்தம் வந்து துடிக்கிறான் புள்ள. அது சும்மா தூங்கிக்கினு இருக்குது!"

"கத்தறதுக்கு மூச்சு வேணும், தெம்பு வேணும். உங்க பையன்கிட்ட ரெண்டும் எக்கச்சக்கமா இருக்கு. இவளுக்கு அழக்கூடத் தெம்பில்ல. உடம்புல தண்ணியே இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் துரைக்கண்ணு. "நேத்து பூரா பேதி. இன்னிக்கி நின்னுபோச்சி. காலைலேர்ந்து சமத்தா படுத்துக்கினு இருக்குது."

ஊசியைக் குத்தி முடித்த டாக்டர் நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் பொண்ணு எனக்குத் தெரியாதா? மடில வெச்சிருக்கிறது என் சம்சாரம்தான். வூட்ல வுட்டுட்டு வர ஆளில்லன்னு ஜட்கா வண்டில கூடவே இட்டாந்தோம்."

பாட்டில் பாதி இறங்கியதும் சிறுமி கண்ணைத் திறந்தாள். கையிலிருந்த ஊசியைப் பார்த்து வீறிட்டு அழுதாள். டாக்டர் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

துரைக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டார். "சமத்தா இருந்த புள்ளைய இப்டி அழ வெச்சிட்டீங்களேம்மா!"