ஒடுக்கு

“கட்டையை நல்லா அணைச்சுப் பிடிம்மா. நழுவுது பாரு” என்றாள் மாமியார்.

மருமகள் இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

கார் நிறுத்தும் கொட்டகையில், ஒரு பழைய போர்வையின் மேல் அந்த ஐஸ் பெட்டி சாய்ந்து கிடந்தது. ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகும்போதெல்லாம் கூடவே போகிற கனத்த தகரப் பெட்டி. பச்சை வெளுத்துப்போய் மூலைகளில் துரு ஏறியிருந்தது. முன்பக்கத்தில் தகரம் உள்வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து, பெரிய ஒடுக்கு.

திருகாணிகளைக் கழற்றி உள்தகரத்தை ஏற்கெனவே எடுத்து வைத்தாயிற்று. மாமியார் பெட்டிக்குள் கையை விட்டு ரப்பர் சுத்தியலால் தட்டினாள். வெளியே மருமகள் மரக்கட்டையால் அணை கொடுத்தாள்.

ஒவ்வொரு தட்டும் கட்டை வழியாக அவள் மணிக்கட்டில் வந்து இறங்கியது.

அடுத்த வாரம் மகனும் மருமகளும் மறுபடி ஏரிக்குப் போகிறார்கள். அதற்குள் பெட்டியைப் புதுசாக்கித் தருவதாக மாமியார் தானாகவே சொன்னாள். தேய்க்க உப்புத்தாள், பள்ளம் நிரப்பப் பட்டி, பச்சை பெயின்ட் எல்லாம் அவளே போய் வாங்கி வந்தாள். பஸ்ஸில் போய்.

பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். இந்த ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரை ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்த்தவள். வேலை ஓய்ந்தபின் சின்னதாக ஒரு வெள்ளைக் கார் வாங்கி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் ஊரின் மறுகோடிக்குப் போய், படுக்கையில் கிடக்கும் அக்காவுக்குத் தலை வாரிவிட்டு வருவாள்.

போன மாதம் ஏரியிலிருந்து திரும்பிய மறுநாள், கழுவிக் காயவைத்த பெட்டி கொட்டகையில் நசுங்கிக் கிடந்தது. மகன் பெட்டியைப் பார்த்தான். பக்கத்தில் நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தான். முந்தின இரவு அக்கா வீட்டிலிருந்து இருட்டியபின் வந்து காரை நிறுத்தியவள் அம்மாதான்.

அன்று இரவு அம்மாவிடம் பேசியபோது அவன் கோபப்படவில்லை. பொறுமையாகத்தான் பேசினான். இன்றைக்குப் பெட்டி, நாளைக்கு ஒரு குழந்தையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டான்.

“இடிச்ச மாதிரியே தெரியலையே” என்று மட்டும் சொன்னாள் மாமியார். பிறகு சாவியை எடுத்து மகன் கையில் வைத்தாள்.

அப்போது மருமகள் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மகனுக்கு நேரம் கிடைக்கவில்லை. மாமியார் அக்காவோடு போனில் பேசினாள். பேசி முடித்துவிட்டு, ஜன்னலருகே போய் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையைப் படிப்பாள். பிறகு மற்றக் கண்ணை மூடிக்கொண்டு படிப்பாள்.

“பெட்டிக்கு ஒடுக்கு எடுத்துடலாம். என் மகன் முடிவு பண்ணிட்டான்னா அதுக்கு எந்தச் சுத்தியல் இருக்கு?” என்று, தட்டுவதை நிறுத்தாமல் மாமியார் சிரித்தாள்.

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தகரம் ‘டப்’பென்று வெளியே துள்ளியது. மடிப்பு விரிந்துகொண்டது. கட்டையை எடுத்துப் பார்த்தார்கள்.

மடிப்புக்குள் இத்தனை நாளாக ஒளிந்திருந்த இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பெயின்ட் தீற்றல்.

நீலம்.

மருமகள் கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். விரல் போதவில்லை.

மாமியார் அவள் கையை மெல்ல விலக்கினாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, வெறுங்கண்ணால் அந்தத் தீற்றலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வெள்ளைக் காருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மருமகளின் நீலக் காரைப் பார்த்தாள்.

ஏரியிலிருந்து திரும்பிய மறுநாள் விடியற்காலையில், வேலைக்கு நேரமாகிவிட்டது என்று மருமகள் தன் காரைப் பின்னால் எடுத்தபோதுதான் தகரம் நசுங்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தாள். பெட்டியை இழுத்து வெள்ளைக் காரின் பக்கம் போட்டுவிட்டுப் போனாள். வழியை விட்டு நகர்த்தினால் போதும் என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் வந்து சொல்லிக்கொள்ளலாம். அவள் வருவதற்குள் அவள் கணவன் எல்லாவற்றையும் தீர்மானித்திருந்தான்.

“அத்தை...”



மாமியார் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

“அப்போ என் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றாள். அதை அவள் மருமகளிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

உப்புத்தாளை இரண்டாக மடித்து மருமகளின் மடியில் வைத்தாள். முழங்காலில் கையூன்றி எழுந்தாள்.

“அவன் வர்ற நேரமாச்சு. அந்த இடத்தை மட்டும் முதல்ல தேய்ச்சுடு” என்று சொல்லிவிட்டு, கை கழுவ உள்ளே போனாள்.

உள்ளே குழாயில் தண்ணீர் விழுந்தது. தெருமுனையில் அவன் யாரிடமோ பேசிக்கொண்டு வருவது கேட்டது.

மருமகள் உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். நான்கு இழுப்பு இழுத்தால் போதும். சுவடு இருக்காது.

வாசல் கேட்டின் கொண்டி நகர்ந்தது.

அவள் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியை இரண்டு கைகளாலும் பற்றி, நீலம் வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.