மைக்செட் வாய் திறக்கவில்லை

“கூப்பிடுவோம், கூப்பிடுவோம்னு சொல்லியே எங்கப்பாவ அனுப்பி வெச்சிடலாம்னு பாக்கறீங்களா?” மகள் கவுன்டர் பலகையில் ஓங்கித் தட்டினாள்.

இதயப் பிரிவின் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளுக்குப் பின்னால், தூணோடு தூணாக, அப்பா தலையைக் குனிந்து நின்றார்.

பேருந்து நிலையத்தில் அவருக்கு மைக்செட் என்று பெயர். எந்த வண்டி கிளம்பப் போகிறது, எந்த வண்டி தாமதம் என்று காலமெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். முடி கொட்டி, பல் ஆடி, நெஞ்சும் மக்கர் பண்ண ஆரம்பித்துவிட்டது. குரல் மட்டும் கல்யாண மாப்பிள்ளையின் குரலாகவே நின்றுவிட்டது.

அந்தக் குரல் இன்று ஆட்டோவில் ஏறியதிலிருந்து வெளியே வரவில்லை. “மூச்சு வாங்கும், நீங்க பேசாதீங்கப்பா. எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று மகளும் சொல்லிவிட்டாள். அவருக்கு அது வசதியாகப் போயிற்று.

‘தள்ளிப்போடவே கூடாது’ என்று சொல்லித்தான் டாக்டர் ஆஞ்சியோவுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். அதன்பின் ஒரு மழைக்காலமே வந்து போய்விட்டது. இன்றைக்குக் கூப்பிடுவார்கள், நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று வீடே ஃபோனைப் பார்த்துக் கிடந்தது.

மனைவி படுத்துத் தூங்குவதையே விட்டுவிட்டாள். கட்டிலோரம் உட்கார்ந்து, அவர் நெஞ்சின் மேல் ஒரு கையை வைத்தபடியே கண்ணயர்வாள். அவர் லேசாகப் புரண்டாலும் பதறி எழுவாள்.

மகள் கணக்கு டீச்சர். வகுப்பிலும் ஃபோனைக் கையோடு வைத்திருந்து தலைமையாசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். நேற்று, சட்டைப் பொத்தானைப் போடுவதற்குள் அப்பா சுவரில் சாய்ந்துவிட்டதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. லீவு போட்டுவிட்டு இழுத்து வந்துவிட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கும் அவள் வயதுதான் இருக்கும். கணினியில் தேடினாள். இன்னொரு முறை தேடினாள்.

“மேடம், காத்திருக்கிறவங்க பட்டியல்ல இவர் பேரு இப்ப இல்லையே.”

“இல்லன்னா? எலி தின்னுடுச்சா?”

“இவங்களுக்கெல்லாம் நம்ம உசுரு விளையாட்டாப் போச்சு” என்று பெஞ்சிலிருந்து யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். கூட்டம் சேர்ந்தது. உள்ளறைக் கதவைத் திறந்து மேலதிகாரி எட்டிப் பார்த்தார். கவுன்டர் பெண்ணுக்கு முகம் சிவந்து போயிற்று.

அவள் மகளை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். “ஐயா, நீங்க சொல்லுங்க. நடக்கும்போது மட்டும் வலிக்குதா, சும்மா இருக்கும்போதும் வலிக்குதா?”

மகள் வாயெடுத்தாள்.

“அவர்தான் சொல்லணும் மேடம்.”

அவர் தொண்டையைச் செருமினார். குரலைக் கொஞ்சம் கிழடாக்கிப் பார்த்தார். அது வந்தால்தானே?

“சும்மா இருக்கும்போதும் வலிக்குதும்மா.”

அவள் விரல்கள் அப்படியே நின்றன. பேயைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

அவர் கண்களை மூடிக்கொண்டார். தொலைந்தது, இதோ சொல்லிவிடப் போகிறாள்.

“தப்பு எங்க மேலதான் மேடம்” என்றாள் அவள். “பேரை நான்தான் தெரியாம எடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க. நாளைக்கு ஒருத்தர் வரலைன்னு சொல்லியிருக்கார். அந்த இடத்துல சேத்துடறேன். காலைல வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க.”

“முடிச்சிட்டு உள்ள வாம்மா, பேசணும்” என்று மேலதிகாரி அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அப்போதாவது அப்பா வாயைத் திறந்திருக்கலாம். ஒரு நிலையமே கேட்கும்படி பேசியவர் தூணோடு இன்னும் ஒட்டிக்கொண்டார்.

“பாத்தீங்களாப்பா, சத்தம் போட்டாத்தான் வேலை நடக்குது” என்று சொல்லிவிட்டு மகள் ஆட்டோ பிடிக்க வாசலுக்குப் போனாள்.

அவர் மெல்லக் கண்ணாடிக்கு அருகில் வந்தார். நிமிர்ந்து பார்க்கக் கூசியது.

“அன்னைக்கு ஃபோன் எடுத்தது நீங்கதானே?” என்று அவள் தணிந்த குரலில் கேட்டாள்.

“பயந்துட்டேம்மா.”

“நாளைக்கு வந்துடுங்கய்யா” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளறைக்கு எழுந்து போனாள்.

கை நரம்பு வழியாக நெஞ்சுக்குள் கம்பி விடுவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்தே அவருக்கு ஆஞ்சியோ என்ற பேச்சே ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தபோது மனைவி காய் வாங்கப் போயிருந்தாள். வியாழக்கிழமை நோயாளியை அழைத்து வரச் சொன்னது ஒரு பெண் குரல். நீங்கள் யார், அவருடைய மகனா என்றும் அதுவே கேட்டது.

ஆமாம் என்றார். அப்பா போன வாரம் தவறிவிட்டார் என்றார்.

எதிர்முனையில் அந்தக் குரல், நாங்கள் முன்னாலேயே கூப்பிட்டிருக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் உடைந்தது.

“அழாதம்மா, உன் மேல என்ன தப்பு இருக்கு” என்று அவர்தான் ஆறுதல் சொல்லி ஃபோனை வைத்தார்.