சங்கமித்ராவின் ஒதுக்கீடு

எண்ணூர் கன்டெய்னர் கிடங்கில், மூன்று சர்வர்களின் மெமரியையும் பிராசஸரையும் அவற்றுக்குள் ஊழியருக்கு ஒன்றாக ஓடும் பதினோரு விர்ச்சுவல் மெஷின்களுக்கு ஒதுக்குவது தயாபரனின் வேலை. வியாசர்பாடியிலிருந்து வந்த சங்கமித்ராவின் மெஷினுக்கு மட்டும் 512 எம்பி மெமரிக்கு மேல் அவர் கொடுத்ததே இல்லை. அதில் ஒரு ஃபைலைத் திறக்கவே அரை மணி நேரம் ஆகும்.

"ஒதுக்கீட்டுல படிச்சவளுக்கு நான் ஒதுக்கினதே அதிகம்" என்று எல்லோர் முன்னாலும் சிரிப்பார். கடைசியில், அவள் வேலை ரொம்ப மந்தம் என்று மனம் கூசாமல் எழுதி அவளை வெளியே அனுப்பினார். மறு வாரம் அவள் செத்துப்போன செய்தி வந்தது.

அன்றே அவள் மெஷினை அழித்தார். மறுநாள் காலை அது ஒரு ஜிபியோடு பட்டியலில் இருந்தது. திரும்ப அழித்தார். அடுத்த நாள் இரண்டு ஜிபி, அதற்கடுத்த நாள் நான்கு. மற்ற பத்து மெஷின்களிலும் ஒரு எம்பிகூடக் குறையவில்லை.

"யாருகிட்டேர்ந்து எடுத்துக்கினு கீதுன்னே தெரியல சார்" என்றான் எதிர் மேஜை ரஷீது.

வெள்ளிக்கிழமை, பட்டியலின் அடியில் பன்னிரண்டாவதாக ஒரு மெஷின் இருந்தது. பெயர் தயாபரன். மெமரி 512 எம்பி. அதை அழிக்க அவருக்குக் கை வரவில்லை.

காலை டீயை ரஷீது ஆவி பறக்க மேஜையில் வைத்தான். "இன்னா சார், ஒரு மாதிரியா கீறீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றார் தயாபரன்.

அவர் அதைச் சொல்லி முடித்தபோது எதிர் நாற்காலி காலியாக இருந்தது. வெளியே சாயங்கால ஷிப்டு ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள். டீயில் ஆடை கட்டியிருந்தது.