மார்ச் மாத மேலுரம்

"வலது சக்கரம் பயிர்மேல ஏறப்போகுது, பொஹ்தான்! தடத்தை விட்டு விலகாதே!" உக்ரைனில், கார்கிவ் பக்கத்து வயலை ஒட்டிய சாலையோரத்தில் நின்று கத்தினாள் ஒதார்கா.

"தெரியுது, கத்தாதே!" உரம் தூவியபடி டிராக்டரில் வந்த கணவனின் முகம் வெளிறியிருந்தது.

பனி கரைந்த வயலில் கோதுமை மஞ்சளடித்துக் கிடந்தது. இந்த வாரம் உரம் விழாவிட்டால் தூர் கட்டாது; மணியும் மாவுக்கு ஆகாது.

"ஏம்மா, நாலு பயிர் நசுங்கினா குடியா முழுகிடும்? புருஷனை இப்படியா விரட்டுவே?" என்றார், ஊருக்குப் புதிதாக வந்த தபால்காரர்.

கடைசித் தடமும் முடிந்து பொஹ்தான் சாலையேறும்வரை அவள் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள். பிறகு தபால்காரர் பக்கம் திரும்பினாள்.

"பயிர் போனாப் போகுதுங்க. பனிக்காலத்துல ட்ரோன் தூவிட்டுப்போன கண்ணிவெடியை, சக்கரத்தடத்துல மட்டும்தான் எடுத்திருக்காங்க."

தபால்காரர், வயலுக்குள் வைக்கப்போன காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.