பறக்கும் துண்டு

சீட்டுப் பிடிப்பதில் அந்தத் துண்டை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது. பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பறந்துபோய் சீட்டில் விழுந்துவிடும்.

நகரத்துக்குப் புது ஏ.சி. பஸ் வந்த அன்றும் துண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. மூடியிருந்த கண்ணாடியில் மோதிக் கீழே விழுந்தது.

பஸ் சிரித்தது. "மெதுவா கதவு வழியா வா. இனிமே அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ். எல்லாருக்கும் இடமிருக்கு!"

உள்ளே அத்தனை சீட்டும் காலி. துண்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் ஒரு ஜன்னல் சீட்டில் விரிந்து படுத்துக்கொண்டது.

"யாருக்குப் பிடிக்கிறே?" என்றது பஸ்.

"ஆள் வருது."

"யாரு?"

"அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இடத்தைப் பிடிப்போம்!"