சத்தம் போடாத வண்டி

"எங்க வண்டியோட பெருமையே சத்தம் வராததுதான். அதுல போய் சத்தம் போடுற பெட்டியை மாட்டச் சொல்றீங்களே சார்!"

மின்சார வண்டிக் கம்பெனியின் அதிகாரி புகழ்வேந்தன் சிரித்துக்கொண்டே அந்தக் கறுப்புப் பெட்டியை மேசைமேல் வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டிதான். மின்சார வண்டியின் முன்பக்கம் பொருத்திவிட்டால், வண்டி நகரும்போது ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் எழுப்பும்.

எதிரே உட்கார்ந்திருந்த அரிகரன், பாகூர் பக்கம் கரும்பு விளைந்த நிலத்தில் ஷெட் போட்டு, இத்தனை வருடமாகச் சைலன்சர் செய்து கொடுத்து வந்தவர். மின்சார வண்டிக்குத்தான் சைலன்சரே கிடையாதே! ஆர்டர் குறைந்து குறைந்து இப்போது ஒரு ஷிப்டுதான் ஓடுகிறது. இந்தப் பெட்டிக்கு ஆர்டர் கிடைத்தால் பிழைக்கலாம். இல்லாவிட்டால் ஷெட்டை இழுத்து மூட வேண்டியதுதான்.

"சத்தத்த அடக்கியே சோறு தின்னவங்க சார் நாங்க. சத்தம் போடுற பொட்டி செய்யணும்னு எங்களுக்கு இன்னா ஆசையா? தேவை இருக்குது சார்."

"சட்டம் கட்டாயப்படுத்தட்டும், அப்ப பார்த்துக்கலாம். பெட்டி இல்லாததால இப்ப யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அரிகரன் காலையிலிருந்து காத்திருந்தார். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இன்னாசி, இப்டி வா."

வெல்டர் இன்னாசிமுத்து உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பண்டசோழநல்லூர்க்காரர். ஷெட் போட்ட நாளிலிருந்து இங்கேதான் வேலை. ஷெட்டை மூடினால், இந்த வயதில் அவரை வேறு யாரும் சேர்த்துக்கொள்ளப் போவதில்லை.

"இவரு சம்சாரம் காசம்மா. போன பங்குனியில கரியமாணிக்கம் ரோட்டுல உளுந்து காயப்போட்டுக்குனு இருந்துச்சி சார்."

"ரோட்டுலயா?"

"எங்க பக்கம் அப்டித்தான். செடியப் புடுங்கியாந்து தார் ரோட்டுல பரப்பிடுவாங்க. வண்டிங்க ஏறி ஏறிப் போனா காய் ஒடஞ்சி உளுந்து தனியா வந்துடும். அடிக்கிற வேல மிச்சம். ரோட்டுக்கு முதுகக் காட்டிக்குனுதான் குனிஞ்சி கெளறி வுடுவாங்க. காதுதான் அவங்களுக்குக் கண்ணு. சத்தம் கேட்டா ஒதுங்கிப்பாங்க. கேக்கலன்னா?"

அரிகரன் அங்கே நிறுத்தினார். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

"பின்னாலயே ஒரு கரண்டு வண்டி வந்திருக்குது. துளி சத்தம் இல்ல. அந்தம்மா குனிஞ்சது குனிஞ்சதுதான் சார், நிமிரவே இல்ல."

புகழ்வேந்தனின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. இன்னாசிமுத்துவைப் பார்த்துக் கேட்டார்.

"யார் வண்டின்னு தெரிஞ்சுதாங்க?"

இன்னாசிமுத்து தரையைப் பார்த்தார். அரிகரன் இன்னாசிமுத்துவைப் பார்த்தார்.

"தெரியலீங்க சார். நிக்காம பூட்டான்."

"எந்த ஊரு படுபாவியோ!" என்றார் அரிகரன். "போலீசும் தேடி ஓஞ்சிபோச்சி. அந்த வண்டியில மட்டும் இந்தப் பொட்டி இருந்திருந்தா, காசம்மா இன்னிக்கி உசுரோட இருக்கும் சார்."

கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர்தான். அதில் மட்டும் குறை சொல்ல முடியாது.

"ஓட்டிக் காட்டுங்க, கேட்போம்" என்று எழுந்தார் புகழ்வேந்தன்.

ஷெட்டுக்கு வெளியே அரிகரனின் மின்சார லோடு வண்டி நின்றது. காலையில் ஆட்களை ஏற்றி வருவது, பகலில் சரக்கு கொண்டுபோவது எல்லாம் அதுதான். அதே மாதிரி இன்னொரு பெட்டியை அதில் பொருத்தியிருந்தார்கள்.

"நீங்களும் ஏறுங்களேன்" என்றார் புகழ்வேந்தன்.

"வேணாங்க சார்" என்று வேலியோரம் ஒதுங்கி நின்றுகொண்டார் இன்னாசிமுத்து.

பாவம், மின்சார வண்டியைப் பார்த்தாலே பெண்டாட்டி ஞாபகம் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் அதிகாரி.

அரிகரன் ஓட்ட, வண்டி ரீங்கரித்தபடி நகர்ந்தது. நடுரோட்டில் படுத்திருந்த நாய் காதை உயர்த்தி, சலித்துக்கொண்டே எழுந்து ஓரமாகப் போனது. புகழ்வேந்தனுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"ஆர்டர் உங்களுக்குத்தான் சார். நான் மேலிடத்துல பேசிக்கிறேன்" என்றவர், இன்னாசிமுத்துவிடம் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டம்மா புண்ணியத்துல இனிமே பல உயிர் பிழைக்குங்க."

இன்னாசிமுத்து தலையாட்டினார்.

அதிகாரியின் கார் முனை திரும்பியது. 'இவரு' என்ற மரியாதையும் அந்தக் காரோடு போய்விட்டது.

"பொழச்சிக்கினோம்டா இன்னாசி! நல்லா நின்ன. நான் சொன்ன வார்த்த மாற மாட்டேன். ஒம் பொண்ணு சகாயராணிய திங்கக்கெழமையே வரச்சொல்லு. பொட்டிக்கு ஒயரிங் பண்ற எடத்துல போட்டுடறேன். ஒனக்கும் இங்க வேல நிரந்தரம். போதுமா?"

"சரிங்க மொதலாளி."

சொல்லிவிட்டும் அவர் நகரவில்லை.

"இன்னும் இன்னாடா?"

"காலையில ஆளுங்கள ஏத்தியார இந்த வண்டிதான வரும்?"

"ஆமா. அதுக்கு இன்னா இப்ப?"

"எம் பொண்ணுக்கு மட்டும் வேற வண்டி அனுப்புங்க மொதலாளி. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனாலும், அவ அம்மா மேல நீங்க ஏத்தின வண்டியில அவளையும் ஏறி ஒக்காருன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க."